மண் யார் பேரில் இருக்கிறது?

ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக ஏறுகிறவர்களுக்கு எங்க ஊர் மலைப்பாதை தொடங்குற இடம், அவ்வளவுதான். எனக்கு அது இரண்டரை ஏக்கர் குத்தகைக் காடு. ஐந்து வருசம் ஆட்டுக்கிடை போட்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுது, மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்புழு நெளிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். போன தை மாசம் நிலக்காரர் கூப்பிட்டார். "மண்ணு நல்லா ஆயிடுச்சுப்பா, பக்கத்துக்காரர் கூடத் தர்றேங்கிறார்" என்றார். கையில் காகிதம் எதுவும் கிடையாது. விட்டுட்டு வந்துட்டேன்.

நம்ம கூட்டங்களில் கரிமச்சத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த மண் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும், "அது கம்யூனிஸ்ட் பேச்சுங்க" என்று சிரித்து ஒதுக்கிவிடுகிறோம்.

ஆமாங்க, அவங்க பேச்சுதான். கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த காலத்தில், சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய்ப் பேசிய பேச்சு அது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தப் பேச்சு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்ட ஊர் அது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் உழவர்கள். காவும்பாயி ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அவர்கள் கேட்டது புனம் விவசாயம், மலைச்சரிவில் காட்டை வெட்டித் திருத்தி விதைக்கிற உரிமை. எங்க சேர்வராயன் மலைக்காரர்கள் சரிவில் கொத்திச் சாமை விதைத்த மாதிரிதான். அந்த மலையில் காப்பித் தோட்டம் வந்த கதை தனி. 1961இன் நில உச்சவரம்புச் சட்டமே தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது.

இதனால் நான் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆட்சியைப் பிடித்த இடங்களில் அவர்கள் உழவனை நம்பவில்லை. உலகமெல்லாம் அலைந்து விதை சேர்த்த வாவிலோவை சோவியத் அரசு 1940இல் பிடித்து அடைத்தது. 1943இல் சிறையிலேயே பட்டினியால் செத்தார். சீனாவில் 1958இல் தானியம் தின்கிறது என்று குருவிகளை விரட்டி விரட்டிக் கொன்றார்கள், பிறகு பூச்சி பெருகியது. நம்ம ஊர்ச் சின்னப் பையனே சொல்லியிருப்பான். நிலத்தை உழுகிறவனிடம் கொடுத்த கையோடு திரும்பப் பிடுங்கி, கூட்டுப்பண்ணை என்று பெயர் வைத்தார்கள். கியூபா மட்டும் சோவியத் விழுந்து டீசலும் உரமும் நின்றபிறகு எருதுக்கும் மட்கு உரத்துக்கும் திரும்பியது. அதுவும் ஆசைப்பட்டு இல்லை, வழியில்லாமல்.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தப்பில்லை. வாய்மொழிக் குத்தகைக்காரன் எதற்கு மண்ணை வளர்க்கணும்? யூரியா போட்டால் இந்த வருசமே பலன். கிடை போட்டால் மூன்றாம் வருசம், அப்போது நிலம் யார் கையிலோ? பிரதமரின் 6,000 ரூபாயும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் இருக்கிறது. பதியப் போனால் அடுத்த நாளே நிலம் போய்விடும் என்று யாரும் போவதில்லை.

அதனால் நம்ம இயக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்கிறேன். நிலம் வைத்திருக்கிற உறுப்பினர்கள் குத்தகைக்கு விட்டால், ஐந்து வருசத்துக்குக் குறையாமல் எழுதிக் கொடுக்கட்டும். இடையில் நிலம் வேண்டுமென்றால், மண்ணில் போட்ட உழைப்புக்குக் கணக்குப் பார்த்துத் தரட்டும்.

என்னுடைய பழைய நிலக்காரரும் இந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறவர்தான். படிப்பார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரும் வரட்டும், நேரில் பேசலாம்.