கவிதைக்குள் பேசும் ‘நான்’: எங்கள் கொள்கைப் பிரகடனம்

பிரெஞ்சுக் கவிதையைப் படிப்பவர்களும் தமிழில் பெயர்ப்பவர்களுமான நாங்கள் இன்று இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். கவிஞரின் குடியையும் காதலையும் ஊர்சுற்றலையும் கதைகதையாகச் சொல்லிவிட்டு, கவிதையைத் தொடாமலே எழுந்துபோகும் வழக்கத்தை எதிர்க்கிறோம். கலகம் அடிகளுக்குள் நடந்தது. அங்கே போய்த்தான் அதைப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு மரபில் அலெக்சாந்திரேன் என்ற பன்னிரண்டு அசை அடிதான் அரசு செலுத்தியது. ஆறாம் அசையில் ஒரு நிறுத்தம். அடி முடிகிற இடத்தில் பொருளும் முடிய வேண்டும். 1830 பிப்ரவரி 25 அன்று பாரிஸின் கொமெதி பிரான்சேஸ் அரங்கில் விக்தோர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ அரங்கேறியது. நாடகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெயர்ச்சொல் அடியின் கடைசியில் நிற்க, அதன் அடைமொழி அடுத்த அடியின் தலையில் போய் விழுந்தது. பழைய இலக்கணக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுக்கு ஏன் பொறுக்கவில்லை என்பது தமிழ் வாசகருக்கும் உறைக்க வேண்டும். ஆகவே, மூலத்தில் அடி உடைந்தால் எங்கள் தமிழிலும் உடையும். அதைச் சீராக்கித் தர மாட்டோம்.

1857 ஆகஸ்டில் பாரிஸ் நீதிமன்றம் பொது ஒழுக்கத்தைக் கெடுத்ததாகச் சொல்லி சார்ல் போதலேருக்கு 300 பிராங்க் அபராதம் விதித்து, ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பில் ஆறு கவிதைகளைத் தடை செய்தது. தீர்ப்பு ரத்தானது 1949இல்தான். இத்தனைக்கும் அவர் கையாண்டது பழைய யாப்பு, சானெட்டுகள் ஏராளம். புதியவன் உள்ளே பேசியவன்: தன்னை வெறுத்து, தன்னையே வேடிக்கை பார்த்து, வாசகரையும் அந்தக் குற்றத்தில் பங்காளியாக்கியவன். அவன் பேச்சைப் போதலேரின் வாக்குமூலமாக நாங்கள் படிக்க மாட்டோம்.

ஆர்தர் ரிம்போ 1871 மே மாதம் ஷார்ல்வில்லிலிருந்து எழுதிய இரண்டு கடிதங்களில், தனக்குள் சிந்திப்பவர் தானல்ல என்ற எண்ணத்தை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 16. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் லத்தீன் செய்யுள் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தார். இதை மறைத்துவிட்டு அவரை வெறும் காட்டாறாகக் காட்டுவது பொய். யாப்பு தெரியாததைக் கலகம் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இங்கே இடமில்லை.

பெண்களின் குரலையும் இந்த வரலாற்றிலிருந்து விட்டுவிட முடியாது. பதினோரசை அடியில் எழுதத் துணிந்தவர் மார்ஸெலின் தெபோர்த்-வால்மோர். 1888இல் கவிஞர் வெர்லேன் விரிவாக்கி வெளியிட்ட ‘சபிக்கப்பட்ட கவிஞர்கள்’ நூலில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்தான். எங்கள் முதல் வெளியீடு அவர் கவிதைகள்.

அடுத்தது எய்மே செசேர். மார்த்தினிக் தீவில் பிறந்து பாரிஸில் படித்த இவர், 1939இல் வெளியிட்ட நெடுங்கவிதையில், அடிமைப்படுத்தியவர்களின் மொழியையே பிடித்து, ஒரு தீவே பேசும் அளவுக்கு ‘நானை’ அகலப்படுத்தினார். மரபை எதிர்ப்பது இங்கே பேரரசை எதிர்ப்பதாகவும் ஆனது.

எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு கவிதையையும் முதலில் பிரெஞ்சில் உரக்க வாசிப்போம். அசைகளை எண்ணுவோம். பிறகே தமிழ். நூல்களில் மூலம் இடப்பக்கம், பெயர்ப்பு வலப்பக்கம். கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு கடைசிப் பக்கத்தில், நான்கு வரிக்கு மேல் போகாது.