திரை காட்டாத பாய்

கொல்லிமலையில், செம்மேட்டுக்கு அருகே உறவினர் இல்லத்தில் ஒரு மாலை. தொலைக்காட்சியில் ‘துப்பாக்கி’ திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. மறைந்து வாழும் தீவிரவாதிகள் சுடப்பட்டு வீழ்ந்தனர். பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் கேட்டான்: “மாமா, நம்மிடம் மிளகு வாங்க வருகிற பாயும் குண்டு வைப்பாரா?”

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆண்டுதோறும் வருபவர் அந்தப் பாய். சிறுவனின் பாட்டி நோயுற்றபோது, அறுவடைக்கு முன்பே பணம் தந்து உதவியவர். அந்த நெடுநாள் உறவை மூன்று மணி நேரத் திரை வென்றுவிட்டதே!

“இல்லாததையா காட்டுகிறார்கள்?” என்பார் சிலர். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது உண்மை. அந்தக் கொடுமையை எவரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அதற்குச் சில திங்கள் முன்னர், 1997இன் இறுதியில், அதே நகரில் இசுலாமியர் பதினெண்மர் கொல்லப்பட்டதும் உண்மையே. முன்னதைத் திரை மீண்டும் மீண்டும் காட்டுகிறது. பின்னதை எத்தனை படங்கள் காட்டின? குற்றவாளியைக் காட்டுவது பிழையன்று. குற்றவாளியை மட்டுமே காட்டுவதுதான் பிழை.

தடை இதற்கு மருந்தாகாது. 2012இல் ‘துப்பாக்கி’க்கு எதிர்ப்பு எழுந்து காட்சிகள் நீக்கப்பட்டன. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை அரசே இரு வாரங்கள் நிறுத்தியது. வெட்டிய காட்சிகளால் பாயின் உண்மை முகம் திரைக்கு வந்துவிடவில்லை. 2021இல் வந்த ‘மாநாடு’ அப்துல் காலிக் என்னும் இளைஞனை நாயகனாக்கியது. மக்களும் விரும்பிப் பார்த்தனர். மனமிருந்தால் வழியுண்டு.

அமெரிக்காவின் ‘ஹோம்லேண்ட்’ தொடருக்காக, 2015இல், அகதி முகாம் சுவர்களில் அரபு எழுத்துகளை வரைய ஓவியர்களை அமர்த்தினர். “இத்தொடர் இனவெறி கொண்டது” என்று அவர்கள் எழுதி வைத்தனர். படித்தறிய ஆளின்மையால் அது அப்படியே ஒளிபரப்பாயிற்று! யாரைப் பற்றிக் கதை சொன்னார்களோ, அவர்களுடைய மொழியையே அறியாதவர்கள்!

இது நமக்கும் புதிதன்று. நல்ல தமிழ் பேசும் இம்மலை மக்களைப் போன்றோரை, இலைதழை உடுத்திப் பொருளற்ற ஒலிகளை எழுப்புவோராகத் திரை காட்டவில்லையா? அடியாளுக்குப் பீட்டர் என்றும், கேளிக்கை விடுதியில் ஆடுபவளுக்கு ரீட்டா என்றும் பெயர் வைத்தபோது நம் நெஞ்சம் புண்படவில்லையா? நமக்கு வலித்தது பாய்க்கு மட்டும் வலிக்காதா?

இசுலாமியரை மதிப்புடன் நோக்குமாறும், பழைய பிணக்குகளை மறந்து புரிந்துணர்வை வளர்க்குமாறும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே நம்மைக் கேட்டுக்கொண்டது. அதைக் கோவிலில் கேட்டுவிட்டு, வீட்டில் திரையின் முன் வாய்மூடி இருப்பது எந்த வகை விசுவாசம்?

அன்று நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. “பாட்டியிடம் கேள், அந்தப் பாய் யாரென்று” என்றேன். பாட்டி சொல்லத் தொடங்கினார். சிறுவன் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பி அமர்ந்தான். நம் இல்லங்களிலும் அவ்வாறு சொல்ல ஒருவர் வேண்டும்.