நினைவகப் பற்றாக்குறையும் சிந்தனைப் பற்றாக்குறையும்

நரம்பணு வலையமைப்புகளைப் பயிற்றும் மாணவர் எவரும் விரைவிலோ தாமதித்தோ எதிர்கொள்ளும் அறிவிப்பு ஒன்றுண்டு. வரைகலைச் செயலியின் நினைவகம் போதாது என்பதே அது. பயிற்சி அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. இதனைக் கண்டதும் நம்மிடையே இரு கூற்றுகள் எழுகின்றன. பெரிய செயலி நம்மிடம் இல்லையாதலால் இவ்வாராய்ச்சி நமக்குரியதன்று என்பது ஒன்று. தொகுதியின் அளவைப் பாதியாக்குக, பலிக்காவிடின் மீண்டும் பாதியாக்குக என்பது மற்றையது. முன்னையது இயலாமையைக் கொள்கையாக்குகின்றது. பின்னையது நோயறியாது மருந்துண்பதை ஒத்தது. அந்நினைவகத்தை நிரப்பியது எது என்னும் வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

இதற்கு விடை காண உயர்கணிதம் வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடு போதும். வலையமைப்பின் ஒவ்வொரு பரமானமும், அதாவது பயிற்சியின்போது திருத்தப்படும் ஒவ்வோர் எண்ணும், 32 பிற்று வடிவில் 4 பைற்று இடங்கொள்ளும். அதன் படித்திறனுக்கு இன்னொரு 4 பைற்று. பெருவழக்கிலுள்ள 'ஆடம்' என்னும் சீராக்க முறை ஒவ்வொரு பரமானத்துக்கும் மேலும் இரு எண்களைப் பேணுவதால் அதற்கு 8 பைற்று. ஆக மொத்தம் 16 பைற்று. 100 கோடி பரமானங்கள் கொண்ட வலையமைப்புக்கு இவ்வகையில் மட்டும் 16 ஜிகாபைற்று வேண்டும். இவற்றுக்கு மேலாக, படித்திறனைக் கணிப்பதற்கென ஒவ்வோர் அடுக்கிலும் சேமிக்கப்படும் இடைநிலைப் பெறுமானங்கள் உள. தொகுதியின் அளவோடு கூடுவனவும் குறைவனவும் பெரும்பாலும் இவையே. எனவே 16 ஜிகாபைற்றுச் செயலியில் அத்தகைய வலையமைப்பை இம்முறையிற் பயிற்ற முனைபவர், தொகுதியை ஒன்றாகக் குறைப்பினும் பயன் பெறார்.

பயிற்சி எக்கட்டத்தில் நின்றது என்பதும் நோக்கற்பாலது. முதற்படி நிறைவேறி இரண்டாம் படியில் நின்றதாயின், ஆடம் முறை தனக்குரிய எண்களை முதலாவது திருத்தத்தின்போதே உருவாக்குகின்றது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். இடையிடையே எதிர்பாராது நின்றதாயின், தரவிலுள்ள மிக நீண்ட வாக்கியங்களைத் தேடுதல் வேண்டும். பயன்பாடு படிப்படியாக ஏறிச் சென்று நின்றதாயின் குற்றம் நிரலினுடையது. சோதனைக் கட்டத்திற் படித்திறன் பதிவை நிறுத்தாது, இழப்புப் பெறுமானங்களை வெறும் எண்களாக மாற்றாமலே கூட்டிச் சென்றால், அவற்றோடு பிணைந்த இடைநிலைப் பெறுமானங்கள் யாவும் விடுவிக்கப்படாது தங்கிவிடும். இக்குற்றத்தைப் பெரிய செயலி தீர்க்காது. சிறிது நேரம் மறைக்கும். 'பைற்றோர்ச்' மென்பொருளிலுள்ள, சேமிப்பை வெறுமையாக்கும் கட்டளையைத் திருநீறு போல நிரலெங்கும் பூசுவோர் பலர். அக்கட்டளை பயன்படாதிருக்கும் ஒதுக்கிடத்தையே திருப்பியளிக்கும். பயன்பாட்டிலுள்ள எதனையும் அது தொடுவதில்லை.

வசதியற்ற இடத்தில் ஆராய்ச்சி இல்லை என்போர் 2012ஆம் ஆண்டை மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டு இமேஜ்நெற் போட்டியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கிறிஷெவ்ஸ்கி, சட்ஸ்கேவர், ஹின்ரன் ஆகியோர் 15.3 சதவீத வழுவுடன் முதலிடம் பெற்றனர். அடுத்தவரின் வழு 26.2 சதவீதமாகும். அவர்கள் பயன்படுத்தியவை தலைக்கு 3 ஜிகாபைற்று நினைவகமே கொண்ட இரு செயலிகள். 6 கோடி பரமானங்கள் கொண்ட அவ்வலையமைப்பு ஒன்றில் அடங்காமையால் அதனை இரண்டாகப் பிரித்து, குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டும் இரு பாதிகளும் தொடர்புகொள்ளுமாறு அமைத்தனர். பற்றாக்குறையை அவர்கள் அமைப்புப் பற்றிய வினாவாக மாற்றிக்கொண்டனர்.

அதன் பின்னர் வந்த முறைகளும் அத்தகைய சிந்தனையின் பேறுகளே. இடைநிலைப் பெறுமானங்களுட் சிலவற்றையே வைத்து ஏனையவற்றை மீளக் கணிக்கும் முறையை 2016இல் சென் முதலியோர் விளக்கினர். அடுக்குகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே நினைவகம் வளரும். அதற்கு விலை மேலும் ஒரு முன்னோக்கிய கணிப்பு. 32 தரவுகள் கொண்ட தொகுதியை நான்கு நான்காக எட்டுத் தடவை செலுத்திப் படித்திறன்களைச் சேர்த்துத் திருத்தினால், தொகுதிவழி இயல்பாக்கும் அடுக்குகள் இல்லாதவிடத்து, அதே பயனைப் பெறலாம்.

செயலியின் அளவு பொருட்டன்று என வாதிடுவது எமது நோக்கமன்று. 7000 கோடி பரமானங்களை முற்றாகப் பயிற்ற மேற்படி கணக்கின்படி 1120 ஜிகாபைற்று வேண்டும். எந்தச் சாதுரியமும் அதனை ஒரு சிறு செயலியில் அடக்காது. ஆயினும் முற்றாகப் பயிற்றல் அவசியந்தானா என்பது முன்னர் கேட்கப்படவேண்டிய கேள்வி. 2023இல் வெளிவந்த 'கியூலோறா' முறை, மூலப் பரமானங்களை 4 பிற்றுகளாகச் சுருக்கி உறையவைத்து, சிறிய இணைப்புகளை மட்டும் பயிற்றியது. 780 ஜிகாபைற்றுக்கு மேல் வேண்டியிருந்த, 6500 கோடி பரமானங்கள் கொண்ட மாதிரியின் பயிற்சி, 48 ஜிகாபைற்றுச் செயலி ஒன்றில் அடங்கிற்று.

இவ்விடயம் தமிழை ஆய்வோருக்குச் சிறப்பாக உரியது. யூ.ரி.எவ்.-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்து 1 பைற்று. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று. 'கொ' என்னும் எழுத்து 6 பைற்று. ஆங்கிலத்தை மனங்கொண்டு அமைக்கப்பட்ட சொற்றுண்டாக்கிகள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டங்களாகச் சிதைக்கின்றன. துண்டங்கள் இரு மடங்காயின், கவன அடுக்கின் அட்டவணை, முழுமையாகச் சேமிக்கப்படுமிடத்து, நான்கு மடங்காகும். இடநெருக்கடியின் ஒரு பகுதி தமிழை அறியாத துண்டாக்கியினால் விளைவது. அதற்குப் பரிகாரம் தமிழுக்கென அமைந்த துண்டாக்கியாகும். கணக்குப் பாராது பெரிய செயலி கேட்பவர் இவ்வுண்மையை ஒருபோதும் காணமாட்டார்.

ஆகவே நிதி கோரும் விண்ணப்பத்துக்கும், கைவிடப்பட்ட ஆய்வுக்கும் முன்னர் ஒரு தாளில் இக்கணக்கு எழுதப்படுதல் வேண்டும். விரிவுரையாளர் இதனைப் பாடத்திற் சேர்ப்பாராக. மாணவர் இதனைத் தம் ஆய்வேட்டிற் காட்டுவாராக. கணக்கின் பின்னரும் இடம் போதாதெனில், உரத்த குரலிற் கேட்போம். அப்போது நம் கோரிக்கைக்கு ஆதாரம் இருக்கும்.