டயர் விலையும் சிக்கனமும்

சங்கத்தின் காருக்கு டயர் வாங்குகையில் குறைந்த விலைப்புள்ளியை ஏற்பதே சிக்கனமென நிர்வாகிகள் பலர் கருதுகின்றனர். நான் அதற்கு உடன்படேன். 4,000 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிடின் கிலோமீட்டருக்கு 16 பைசா ஆகிறது; 5,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் உழைப்பின் பன்னிரண்டரைப் பைசாவே. கரூர், வேலூர்ப் பக்கத்துக் கோடையில் மட்டமான டயர் இன்னும் விரைவில் கெடும். ஆதலின் நல்ல டயருக்குக் காற்பங்கு கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவன்று.

ஆயின் விலை மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. டயரின் பக்கவாட்டில் வெப்பந்தாங்கும் தரத்தின் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பின் ‘ஏ’ என்பதே மேலானது. அங்குள்ள நான்கிலக்கத் தயாரிப்பு எண்ணையும் நோக்குதல் வேண்டும். 2324 எனில் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பல்லாண்டு கிடங்கில் கிடந்த சரக்கைத் தள்ளுபடிக்காக வாங்கலாகாது. இவ்வெண்ணைக் குறித்துவைத்த கொள்முதல் கோப்பு ஒன்றையேனும் என் ஆய்வில் இதுவரை கண்டேனில்லை.