சி.ஐ.டி. காலனியும் ஊர்க் காலனியும்

சாயங்காலம் நாலு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால், "டிஃபன் என்ன இருக்கு?" என்ற கேள்வி காதில் விழாமல் இருக்காது. இட்லி, பஜ்ஜி, ரவா தோசை என்று 'சாப்பாடு' இல்லாத எல்லாமே இங்கே டிஃபன்தான். மும்பையில் இதே சொல்லைச் சொன்னால் ஆபீஸுக்குப் போகும் மதியச் சாப்பாட்டு டப்பா ஞாபகத்துக்கு வரும். இத்தனைக்கும் சொல் இங்கிலாந்திலிருந்து வந்தது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-ல் வெளியிட்ட ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியில் 'டிஃபிங்' இருக்கிறது. சாப்பாட்டு வேளை அல்லாத நேரத்தில் தின்பதும் குடிப்பதும் என்று பொருள். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதை மதிய உணவாக்கிக்கொண்டார்கள். மயிலாப்பூர்க்காரர்கள் என்னவோ பழைய அகராதியைப் படித்துவிட்டு வந்ததுபோல நாலு மணி பஜ்ஜிக்கே அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்!

மெஸ்ஸும் இப்படித்தான். ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ் என்ற பெயர்களைக் கேட்டால் புதிதாக வரும் அமெரிக்கர் கொஞ்சம் தயங்குவார். அவருக்கு மெஸ் என்றால் அலங்கோலம். ஆனால், அந்தப் பொருள் 19-ம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. முதலில் அது பரிமாறப்பட்ட உணவு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம். 'தப்பு இங்கிலீஷ்' என்று சிரிக்கப்படும் நம்மூர்ச் சொற்களில் பல, உண்மையில் பழைய இங்கிலீஷ்.

சாப்பாட்டுச் சொற்கள் என்பதால் இதையெல்லாம் ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். முகவரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சொல்லை அப்படிக் கடந்துபோக முடியாது. அது, காலனி.

மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி இருக்கிறது. சி.ஐ.டி. என்றதும் போலீஸ் என்று நினைக்க வேண்டாம். சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1961-ல் வீட்டு வசதி வாரியம் வருவதற்கு முன்பு, சென்னையில் குடியிருப்புகளை உருவாக்கிய அமைப்பு. முன்னாள் முதல்வர் கருணாநிதியின் இரண்டு வீடுகளில் ஒன்று இந்தக் காலனியில்தான் இருந்தது. தி.நகர், ராஜா அண்ணாமலைபுரம், சி.ஐ.டி. காலனி... நகர், புரம், காலனி என்ற மூன்றுக்கும் தென்சென்னையில் ஒரே மதிப்பு. டெல்லியில் டிஃபன்ஸ் காலனி என்று சொன்னால், வசதியானவர் என்று எதிரில் இருப்பவரே முடிவு கட்டிவிடுவார்.

இப்போது தி.நகர் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர, கிராமத்திலிருந்து வரும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் முகவரி எழுத வேண்டும். அவள் இருக்கும் இடத்தின் பெயரும் காலனிதான். ஆனால், பேனா அங்கே வந்ததும் நிற்கும். தெருப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் எழுதலாமா என்று யோசிப்பாள். ஏனென்றால், அந்த ஒரு சொல் அவள் சாதியைச் சொல்லிவிடும். "ஊரா... காலனியா?" என்று யாராவது கேட்டால், அது வழி விசாரிப்பதற்கான கேள்வி இல்லை என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே சொல் இப்படி இரண்டானது எப்படி? தலித் மக்களுக்காக உருவான குடியிருப்புகளுக்கு 'ஹரிஜன் காலனி', 'ஆதிதிராவிடர் காலனி' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் முன்னால் இருந்த சொல் உதிர்ந்துபோய், காலனி மட்டும் நின்றது. மேல்சாதித் தெருக்கள் 'ஊர்' ஆகவே இருந்தன. காலனி அதே ஊராட்சியில் இருந்தாலும் 'ஊருக்கு வெளியே'.

காலனிக்கு மூலமான லத்தீன் 'கொலோனியா', உழவரைக் குறிக்கும் 'கொலோனுஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ரோமானியர்கள் வென்ற மண்ணில் தங்கள் மக்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர்தான் கொலோனியா. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்னமும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. ரோமில் நிலம் பெற்றவர்களின் ஊர். தமிழ்நாட்டில், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்களின் தெரு.

கேரளாவில் 2024 ஜூன் மாதம், எம்.பி-யாகத் தேர்வானதால் பதவி விலகிய அமைச்சர் கே.ராதாகிருஷ்ணன், கிளம்பும்போது ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். பட்டியலின, பழங்குடியினர் வாழும் இடங்களுக்குக் 'காலனி' என்ற சொல் இனி வேண்டாம். 'நகர்' போன்ற பெயர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்ட இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார்.

வரவேற்க வேண்டிய அறிவிப்பு. விண்ணப்பத்தில் அந்தப் பெண்ணின் பேனா நிற்காமல் ஓடினால் அதுவே பெரிய விஷயம். ஆனால், இதற்கு முன்பும் ஒரு சொல் இப்படி மாறியிருக்கிறது. காலனி வருவதற்கு முன்பு அந்த இடத்துக்குச் 'சேரி' என்று பெயர். அது இழிசொல்லாகப் பிறந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு பன்னிரண்டு சேரிகளைப் பற்றிப் பேசுகிறது. உத்திரமேரூரோ பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அடையாறிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேளச்சேரியில் ஃபிளாட் வாங்குபவர் யாரும் பெயரைப் பார்த்துத் தயங்குவதில்லை. அங்கே 'சேரி'க்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாக நின்ற சேரிக்குத்தான் எல்லாம் ஆனது. அதன் இடத்துக்கு வந்த ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே நடந்தது. சொல்லை மாற்றுவதற்கு ஓர் அரசாணை போதும். தெரு இருக்கும் இடமும், அதன் சுடுகாட்டுப் பாதையும், தனிக் குடிநீர்த் தொட்டியும் அப்படியே இருந்தால், 'நகர்' என்ற சொல் எத்தனை வருடம் தாங்கும்?

பெயர்ப்பலகைகள் மாறலாம். அடுத்த முறை டவுன் பஸ் அந்த ஸ்டாப்பில் நிற்கும்போது, கண்டக்டர் என்ன பெயரைச் சொல்லி விசில் ஊதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.