மீட்கப்பட்ட குழந்தையின் படிப்புச் செலவு யார் கணக்கில்?

தில்லியின் கிட்வாய் நகர் ஒன்றிய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. நேரு அமைச்சரவையில் இடம்பெற்ற ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய பகுதி. கிழக்கு கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு, 86 ஏக்கரில் 4,600க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை என்.பி.சி.சி. நிறுவனம் எழுப்பியிருக்கிறது. அந்த வீட்டு வாசல்களில் செருகப்படும் துண்டறிக்கைகளில் ஒன்று அண்மையில் கைக்குக் கிடைத்தது. கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட ஒரு சிறுமியின் கல்வியை மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து ஏற்றுக்கொள்ளுமாறு அது வேண்டுகிறது. வருமான வரிச் சலுகை உண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தையின் படமும் நன்றிக் கடிதமும் வந்து சேருமாம். அறிக்கையின் மேற்பகுதியில் சிறுமியின் முழு முகம். கீழே அவளுக்கு நேர்ந்தது என்ன என்ற விவரம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இந்தக் குற்றத்தைவிடப் பெரிதாக உறுத்துவது அந்த அறிக்கையின் அடிப்படைக் கருத்துதான். ஒரு குழந்தை பள்ளிக்குப் போவதற்குத் தன் காயத்தைக் காட்டிக் கையேந்த வேண்டும். கொடுப்பவர் மனமிரங்க வேண்டும். பிறகு அவள் நன்றி எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டில் கடத்தியவனும் இல்லை, வேலை வாங்கியவனும் இல்லை, அரசும் இல்லை.

இதே குடியிருப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஏ என்று ஒரு விதி உண்டு. 14 வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் அரசு ஊழியர் வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது அது. இப்படியொரு விதியைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே அதிகாரிகளின் அடுக்களைகளைப் பற்றிய ஒரு வாக்குமூலம். 2006 அக்டோபர் 10 முதல் வீட்டு வேலையில் குழந்தைகளை அமர்த்துவது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. ஆனாலும் ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, குந்தி மாவட்டங்களிலிருந்து பழங்குடிச் சிறுமிகளைத் தரகர்கள் ரயிலேற்றித் தில்லிக்குக் கொண்டுவருவது நிற்கவில்லை. 'வேலைவாய்ப்பு ஏஜென்சி' என்ற பெயரில் நடக்கும் இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 2014இல் தில்லி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. முழுமையான சட்டம் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம், சத்தீஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண் தொடர்பான வழக்கில், வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சட்டத்தைப் பரிசீலிக்கக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசிடம் கூறியது. வீட்டு வேலைத் தொழிலாளர் குறித்த ஐ.எல்.ஓ.வின் 189ஆவது உடன்படிக்கையை 2011 முதல் இன்றுவரை இந்தியா ஏற்கவில்லை.

தடையின் எல்லை 14 வயது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, 14 முதல் 18 வரையிலானவர்களுக்கு அபாயகரமான தொழில்கள் மட்டுமே மறுக்கப்பட்டன. வீட்டு வேலை அந்தப் பட்டியலில் இல்லை. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். ஆக, 15 வயதுச் சிறுமியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; அவளை மீட்டால் ஒன்பதாம் வகுப்பில் இலவசமாகச் சேர்க்க இந்தச் சட்டம் கட்டளையிடவில்லை. அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு, இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்றும், தொடக்கக் கல்வி முடியும்வரை 14 வயதைத் தாண்டினாலும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்றும் சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் மூன்றாம் வகுப்போடு படிப்பை இழந்து, வீட்டில் முண்டாரியோ சாத்ரியோ பேசும் ஒரு பெண், எட்டாம் வகுப்பில் இந்திப் பாடநூலோடு உட்கார வைக்கப்பட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? பயிற்சி தரும் ஆசிரியர் வேண்டும், விடுதி வேண்டும், மனநல ஆலோசகர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணம் யார் கணக்கில் என்பதுதான் கேள்வி.

விடை நமது மாநிலத்திலிருந்தே வந்திருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகள் தொடர்பான எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாயை முதலாளி கட்ட வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தர வேண்டும். தர இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் வருவாய் குழந்தைக்கு. குழந்தையோ பள்ளியில் இருக்க வேண்டும். தொகையை விடுங்கள், அதன் தர்க்கத்தைப் பாருங்கள். உழைப்பைச் சுரண்டியவர் கடன்பட்டவர், அரசு அதற்குப் பொறுப்பேற்பவர், குழந்தை உரிமையுள்ளவர். புரவலர் என்று ஒருவருக்கு அங்கே இடமே இல்லை.

அந்தத் தர்க்கம் பிறகு எப்படித் தேய்க்கப்பட்டது என்று பாருங்கள். 2016 திருத்தத்தின் 14பி பிரிவின்படி முதலாளியிடம் வசூலான அபராதத்தோடு அரசு 15,000 ரூபாய் சேர்த்து வங்கியில் போடும், வட்டி குழந்தைக்கு. குறைந்தபட்ச அபராதம் இன்றும் அதே 20,000. இரண்டும் சேர்ந்து 35,000 ரூபாய்க்கு ஆறு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 175 ரூபாய். இருபது ஆண்டு விலைவாசி உயர்வு நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையில் எங்கோ காணாமல் போய்விட்டது. கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் தொகை சற்றுப் பெரிது. கட்டாய உழைப்பிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு இரண்டு லட்சம், கடத்தலுக்கும் பாலியல் சுரண்டலுக்கும் ஆளானவருக்கு மூன்று லட்சம். உடனடியாகக் கிடைப்பது 30,000 ரூபாய் வரைதான். மீதி வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு முடிவதற்குள் குழந்தை பள்ளி வயதையே கடந்துவிடும்.

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கடத்தப்பட்ட, வன்முறைக்குள்ளான குழந்தைகள் உள்ளிட்டோருக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 2025-26 பட்ஜெட்டில் இத்திட்டம் முழுமைக்கும் 1,500 கோடி ரூபாய். அதை ஒரு காசு விடாமல் நிதி ஆதரவுக்கே கொடுத்தாலும் ஏறத்தாழ 3.12 லட்சம் குழந்தைகளுக்குத்தான் வரும். ஆனால் இல்லங்கள், ஊழியர் ஊதியம், 1098 உதவி எண் எல்லாம் இதே தொகைக்குள் அடக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயது வரையிலான உழைக்கும் குழந்தைகள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். இந்தப் பள்ளத்தை நிரப்ப அத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே தனியார் நிதி ஆதரவு என்ற கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. கிட்வாய் நகர் வாசலில் செருகப்பட்ட அறிக்கை அந்தக் கதவின் வழியே வந்ததுதான்.

1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்களைத் தோழர்கள் பலர் அறிவார்கள். குறைகள் இருந்தன, மாத உதவித்தொகை 400 ரூபாயைத் தாண்டவில்லை. ஆனாலும் மீட்கப்பட்ட குழந்தைக்கென்று ஓர் இடமும் ஓர் ஆசிரியரும் இருந்தனர். 2021 ஏப்ரல் முதல் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டில் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது நின்றதும் அதே சமக்ர சிக்ஷா நிதிதான். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க மறுத்த மாநிலத்தைத் தண்டிப்பதாகச் சொல்லி, செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குழந்தையின் பயிற்சி வகுப்புக்கான பணத்தையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். மொழிக் கொள்கை விவாதத்தின் பேரிரைச்சலில் இது போதிய அளவு பேசப்படவில்லை. நாமும் பேசவில்லை.

அரசு நேரடியாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மயக்கம் நமக்கு வேண்டாம். முசாஃபர்பூர் சிறுமியர் இல்லம் அரசுப் பணத்தில்தான் நடந்தது. நடத்தியது ஒரு தன்னார்வ அமைப்பு. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வு 2018இல் அம்பலப்படுத்தும்வரை அதிகாரிகள் கண்மூடி இருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று இடதுசாரிக் கட்சிகள் பீகார் பந்த் நடத்தின. வழக்கு தில்லி சாகேத் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2020இல் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. காப்பகத்தை ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பணம் அரசுடையதாகவும் கண்காணிப்பு மக்களுடையதாகவும் இருக்க வேண்டும்.

இதே தில்லியில் 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி முகாம் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள், பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களின் குடும்பங்கள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் 189. அதுவும் வெகுதொலைவில், நரேலாவில். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அந்தத் தொலைவு என்ன செய்யும்? தாயின் வேலையும் பிள்ளையின் பள்ளியும் ஒரே நாளில் பறிபோகும் வீட்டின் வாசலுக்குத்தான் தரகன் முதலில் வருகிறான். கடத்தலுக்கு முந்தைய கடத்தல் புல்டோசரில் தொடங்குகிறது.

இன்றைக்கே ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்போது கொள்கை பேசிக்கொண்டிருக்கலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கொடுக்கக்கூடியவர் கொடுக்கட்டும், ஆனால் படமின்றி, கடிதமின்றி, குழந்தைக்குக் கொடுத்தவர் பெயர்கூடத் தெரியாமல், குழந்தைகள் நலக்குழுவின் அறிவோடு கொடுக்கட்டும். ஆனால் ஒரு கிளை செய்யக்கூடியது அதைவிட அதிகம். நிதி ஆதரவுக்கு ஒப்புதல் தரும் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கடந்த ஆண்டு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, மாதாமாதம் பணம் போய்ச் சேர்ந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். குழந்தைகளின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகள் சேர்ந்து இதை எல்லா மாவட்டங்களிலும் ஒரே மாதத்தில் செய்தால், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நமது உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் தாமே உருவாகிவிடும். 14பி நிதியில் உங்கள் மாவட்டத்தில் எத்தனை முதலாளிகளிடமிருந்து எவ்வளவு வசூலானது என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.