பந்தியில ‘ரிசர்வ்’ அட்டை வேண்டாமே

கொஞ்சம் நீளமான பதிவு இது. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் நிதானமா படிங்க. படிச்சிட்டு எங்களைத் திட்டணும்னு தோணினா நேர்லயே வந்து திட்டுங்க. சமையற்கட்டுப் பக்கம்தான் இருப்போம்.

ஆடித் திருவிழா நெருங்கிடுச்சு. வர்ற கூட்டத்தில் அன்னதானப் பந்தி பற்றிப் பேசப் போறாங்க. முன்னால் இருக்கிற நாலு மேசையை உபயகாரர் குடும்பத்துக்கும் வரப்போகிற பிரமுகர்களுக்கும் ஒதுக்கி, மேலே அட்டை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. பந்தி பரிமாறுகிற தொண்டர்கள் நாங்கள் சொல்வது: வேண்டாம். ஏன் என்று எழுதவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. இந்தப் பழக்கம் நம்ம கோயிலில் எப்போதும் இருந்ததில்லை. தோட்டத்துக் கோயிலாக இருந்த காலத்தில் பாய் விரித்து, வரிசையாக உட்கார வைத்துப் போடுவார்கள். கிராணி வீட்டுக்காரருக்கு மட்டும் பெஞ்சு போட்ட கதையெல்லாம் பெரியவங்க சொல்லுவாங்க, அதை மறைக்க வேண்டாம். அப்புறம் கூடாரமும் நீளமேசையும் வந்தன. நீளமேசையில் முன் பின் என்று எதுவும் கிடையாது. இடது பக்கம் ஜாலான் அச்சோப்பிலிருந்து வந்தவர், வலது பக்கம் மேருவிலிருந்து வந்தவர், எதிரே யாரோ ஒரு பிள்ளை. சாம்பார் வாளி வரும்வரை பேசிக்கிட்டு இருக்கணும், வேற வழியில்லை. கல்யாண மண்டபம் மாதிரி துணி போட்ட வட்டமேசை வந்தது பிறகுதான். வட்டமேசை வந்ததும் அது ‘எங்க மேசை’ ஆகிவிட்டது. கைப்பையை வைத்து இடம் பிடிக்கிறோம். பத்துப் பேர் மேசையில் நாலு பேர் உட்கார்ந்து, “ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க” என்கிறோம். அதன் அடுத்த படிதான் அட்டை.

போன வருஷம் நடந்ததைச் சொல்லியாகணும். ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளோடு, பெரிய விசிறிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துவிட்டார். அட்டை இருந்தது. அவர் கவனிக்கவில்லையோ, படிக்கத் தெரியாதோ. எங்களில் ஒருவர்தான் போய், “ஆயா, இது உபயகாரங்க மேசை, கொஞ்சம் பின்னால போறீங்களா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பாட்டி, “பரவாயில்ல தம்பி” என்று எழுந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தோம். இல்லை. செருப்பு விட்ட இடத்தில் அவர் செருப்பு இல்லை. அந்த மேசை அதற்கப்புறம் இருபத்தைந்து நிமிஷம் காலியாகவே கிடந்தது. உபயகாரர் குடும்பம் மூலஸ்தானத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவங்களைக் குறை சொல்லவில்லை, அந்த மேசையை அவங்க கேட்கவே இல்லை. நாமாகத்தான் ஒதுக்கினோம். பிறகு ஒரு நாள் காப்பார் பசார் மாலத்தில் அந்தப் பாட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். “அன்னிக்கு எனக்குப் பசியே இல்லப்பா” என்றார். பிள்ளைகளுக்கு? அதைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

இப்போது சம்பந்தமில்லாத மாதிரி ஒன்று சொல்கிறோம், பொறுத்துக்குங்க. பள்ளி விடுமுறையில் எங்களில் சிலர் குடும்பத்தோடு போர்ட் கிள்ளானிலிருந்து உல்லாசக் கப்பலில் மூன்று ராத்திரி போய்வந்தோம். அங்கே ராச்சாப்பாடு எப்படி என்றால், பெரிய சாப்பாட்டுக்கூடம் ஒன்று. ஆனாலும் கப்பலில் ஏறிய எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க அது போதாது. அதனால் இரண்டு பந்தி. ஆமாம், பந்திதான்! முதல் பந்தி ஆறு மணி வாக்கில், இரண்டாவது எட்டு மணிக்கு மேல். உங்களுக்கு எந்தப் பந்தி, எத்தனையாம் எண் மேசை என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தினமும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுபவர். இரண்டே பேராகப் போனவர்களையும் முன்பின் தெரியாதவர்களோடு எட்டுப் பேர் மேசையில் சேர்த்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் முதல் ராத்திரியே கூடத்தின் மேலாளரிடம் மெதுவாகச் சொல்லணும். இடமிருந்தால் மாற்றித் தருவார். பழைய கப்பல் வழக்கம் இது.

எங்கள் மேசையில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனத் தம்பதி, ஓய்வு பெற்றவர்கள். முதல் ராத்திரி எல்லாரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் ராத்திரி நாங்கள் சைவம் கேட்பதைக் கவனித்த அந்த அம்மா, தானும் மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான் என்று பேச ஆரம்பித்தார். மூன்றாம் ராத்திரி நாங்கள் வருவதற்குள் எங்களுக்காக ரொட்டித் தட்டை மூடி வைத்திருந்தார். நாமாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மாட்டோம்.

சரி, கப்பல் அப்படியே இருக்கிறதா? இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் நார்வீஜியன் குரூஸ் லைன் ‘எப்போ வேணும்னாலும் வாங்க, யாரோடு வேணும்னாலும் உட்காருங்க’ என்று ஆரம்பித்தது. பல நிறுவனங்கள் பின்பற்றின. இன்று பெரிய அறைக்குப் பணம் கட்டியவர்களுக்குத் தனி உணவகமே வைத்திருக்கிற கப்பல்கள் உண்டு. அதில் தப்பு சொல்ல முடியாது. அது டிக்கெட் விற்கிற இடம். காசுக்கேற்ற நாற்காலி. அம்மன் கோயிலில் நாம் எதை விற்கிறோம்?

இன்னொரு கப்பலையும் நினைச்சுப் பாருங்க. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்கு தொட்டு, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள். 1926-இல் கட்டிய ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்கப்புறம் வந்தது சிதம்பரம் கப்பல். ரஜுலாவில் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த ஜனங்களுக்கு மேசையும் இல்லை, எண்ணும் இல்லை. இதற்கும் முன்னால், 1860-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் துரூரோ. ஊரில் ஒருவர் தொட்டதை இன்னொருவர் சாப்பிடாத காலம் அது. அந்த மாதிரிக் கப்பல்களில் சாதிக்கொரு அடுப்பு வைத்தா சமைக்க முடியும்? ஒரே அடுப்பு, ஒரே பானை. பிஜி, டிரினிடாட் பக்கம் போன வடநாட்டவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்களை ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் சகோதரன், என்று கூப்பிட்டு ஆயுசு முழுக்க உறவு கொண்டாடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில் பிறந்த உறவு அது.

நம்ம பக்கத்திலும் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வந்தவர் யார், என்ன சாதி என்று கேட்பதில்லை, பசியா என்றுதான் பார்ப்பது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் சமபந்தி வைக்கிறார்கள். (மந்திரி இலை முன்னால் உட்கார்ந்த படம் மறுநாள் பத்திரிகையில் வரும், அது வேற விஷயம்.) குருத்துவாராவுக்குப் போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். வந்தவர் யாராக இருந்தாலும் வரிசையில் தரையில்தான்.

கிள்ளான் வட்டாரத்து ஆளுங்க நமக்கு இது இன்னும் சுளுவாகப் புரியணும். 1941-இல் இங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக உரிமை வேணும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னதற்குக் கோபப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நாற்காலியை விட்டு எழுந்திரு என்று ஒரு பாட்டியிடம் சொல்கிறோம்.

எதிர்ப்பக்கத்து நியாயம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நிர்வாகத்தில் ஒரு அண்ணன் சொன்னார்: “அரிசி மூட்டை யார் வீட்டுலேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க மனசு கோணினா அடுத்த வருஷம் அடுப்பே எரியாது.” உண்மைதான், கேஸ் விலையும் காய்கறி விலையும் அவர்தானே பார்க்கிறார். ஆனால் எங்களுக்குத் தெரிந்த உபயகாரர் பலர் மேசை கேட்பதே இல்லை. வாளியைக் கொடுங்க, நாங்களும் பரிமாறுகிறோம் என்றுதான் கேட்கிறார்கள். அவங்களுக்கு மரியாதை செய்ய மாலை இருக்கு, பரிவட்டம் இருக்கு, மைக்கில் பேர் சொல்லலாம். அது போதாது என்பவர் ஒருவர் இரண்டு பேர் இருக்கலாம். அவருக்காக நாலு மேசையா?

ஒதுக்க வேண்டியவர்கள் வேறு. முட்டி வலிக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், இனிப்புநீர் ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள். விசிறிப் பக்கத்து மேசை அவர்களுக்கு. அதை அட்டை வைத்து அல்ல, ஒரு ஆள் நின்று கைபிடித்து உட்கார வைக்கணும்.

எங்கள் அழுக்கையும் சொல்லிவிடுகிறோம். தொண்டர்கள் நாங்கள் கடைசியில் சமையற்கட்டில் சாப்பிடுகிறோம் என்று பெருமையாகச் சொல்வோம். வடையும் பாயாசமும் பந்தியில் தீர்ந்துபோன நாளிலும் எங்களுக்கு ஒரு தூக்கு தனியாக இருக்கும். பந்தி முடியும் முன்னே வீட்டுக்குத் தப்பாவ் கட்டி ஓரமாக வைத்ததும் உண்டு. ஒதுக்கீட்டை ஆரம்பித்து வைத்தவர்களில் நாங்களும்தான் இருக்கிறோம். இந்த ஆடியிலிருந்து அந்தத் தூக்கு கிடையாது. கடைசிப் பந்தியில் எல்லாரோடும் இலை போட்டு உட்காருவோம், இருப்பதைச் சாப்பிடுவோம். கடைசியில் வர்றவங்க யாருன்னு பார்த்தீங்கன்னா, தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வருகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். இத்தனை வருஷமாக ரசமும் மோரும் மட்டும் கிடைத்துப் போனவர்கள் அவர்கள்.

கூட்டத்தில் நாங்கள் வைக்கப்போவது இவ்வளவுதான். வட்டமேசைகளை ஓரம் கட்டிவிட்டு, பழைய நீளமேசைகளையே ஸ்டோரிலிருந்து எடுப்போம். பன்னிரண்டேகாலுக்கு முதல் பந்தி, ஒன்றேகாலுக்கு இரண்டாவது, மிச்சக் கூட்டத்துக்கு மூன்றாவது. கைகழுவுமிடத்திலிருந்து வரிசை வந்தபடியே உள்ளே விடுவோம். குடும்பம் ஒன்றாக வந்தால் ஒன்றாகத்தான் உட்காரும், யாரையும் பிரிக்கவில்லை. ஆனால் வராதவருக்குக் கைப்பை வைத்து இடம் பிடிக்க முடியாது. வரிசை முழுக்க இலையில் சோறு விழுந்த பிறகே சாம்பார் வாளி கிளம்பும். பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன்னே நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்களை நாங்கள் வெளியே அனுப்புவோம், அதற்குக் கோபிக்கக் கூடாது.

தலைவர் ஐயா இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். ஐயா, உங்கள் மேல் எங்களுக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை. முதல் பந்தியில் நீங்களே வரிசையில் நின்று, எந்த இடம் வருதோ அதில் உட்கார்ந்தீர்கள் என்றால் கூட்டமே தேவைப்படாது.

கூட்டம் ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்ததும், கோயில் மண்டபத்தில். உறுப்பினர் இல்லாதவர்களும் வந்து பேசலாம் என்று கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறோம். மேருப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யாராவது அந்தப் பாட்டியைத் தெரிந்தால், நீலப் புடவை, இரண்டு பேரப்பிள்ளைகள், ஆடி முதல் வெள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. வண்டி இல்லையென்றால் சொல்லுங்க, நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். இலை நறுக்க வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறு பேர் தேவை. கத்தி எங்களிடம் இருக்கு.

ஓம் சக்தி.